கூந்தன்குளத்து விருந்தாளியின் தாய்வீடு: 4,500 மீட்டர் உயரத்தில் ஒரு ஏரி!

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டுப் பக்கம் வந்து நின்றால், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். அதற்கே காது அடைத்துக்கொள்ளும். அதைப் போல நான்கு மடங்குக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது, லடாக்கின் சோ மோரிரி ஏரி. லே நகரிலிருந்து தென்கிழக்கே 200 கிலோ மீட்டருக்கு மேல் போக வேண்டும். ‘சோ’ என்றால் அந்த ஊர் மொழியில் ஏரி.

கொல்லிமலையில் பெய்யும் மழை, அய்யாறாகி ஆகாய கங்கையில் விழுந்து சமவெளிக்கு ஓடிவிடும். சோ மோரிரி அப்படியல்ல. பனி உருகி உள்ளே வரும். வெளியேற ஆறு கிடையாது. பழைய காலத்தில் இருந்த வடிகாலும் அடைபட்டுப்போனது. வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாக, உப்பு தங்கிவிடுகிறது. அதனால் லேசாகக் கரிக்கும். ஆழம் 100 மீட்டரைத் தாண்டும். மழை மேகங்களை இமயமலையே மறித்துவிடுவதால், சுற்றிலும் மொட்டை மலைகள். குளிர்காலத்தில் ஏரியே உறைந்துவிடும்.

இந்த ஏரி நமக்கு எதற்கு என்கிறீர்களா? தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகளோடு ஒரு வாத்து, குளிர்காலத்தில் நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்துக்கு வருமே, வரித்தலை வாத்து! அந்த இனம் கோடையில் முட்டையிடும் இடங்களில் சோ மோரிரியும் ஒன்று. வலசையின்போது 7,000 மீட்டருக்கு மேலேகூட இவை பறந்திருப்பது பதிவாகியுள்ளது. அங்கே காற்றில் ஆக்சிஜன் மிகக் குறைவு. இருப்பதை இறுகப் பிடித்துக்கொள்ளும் ரத்தம் இவற்றுக்கு.

இரண்டு முனையிலும் காவல் இருப்பது ஊர்க்காரர்கள்தான். கூந்தன்குளத்தில் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்துப்போய்ப் பராமரிப்பில் சேர்க்கிறார்கள். அங்கே ஏரிக்கரையிலுள்ள கோர்சோக் கிராமத்தினருக்குச் சோ மோரிரி புனிதம். அதன் தண்ணீரைப் புழங்குவதுகூட இல்லை.

சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, 2002-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது சோ மோரிரி. ஆனாலும், வரித்தலை வாத்து கூடு கட்டுவது தரையில். கரையோரச் சதுப்புப் புல்வெளியில் ஒரு ஜீப் இறங்கினாலே கூடு நசுங்கிவிடும். சுற்றுலா பெருகப் பெருக, மிச்சச் சாப்பாட்டை நம்பி லடாக்கில் தெருநாய்களும் பெருகிவிட்டன. முட்டைக்கும் குஞ்சுக்கும் இப்போது பெரிய எதிரி, நரியோ ஓநாயோ அல்ல, அந்த நாய்கள்தான்.