5 தடவை சொன்னது பலித்தாலும் நம்பாதீங்க! செல்போனில் வரும் 'ஷேர் டிப்ஸ்' பின்னணி என்ன?

நெல்லை,

நெல் விற்ற காசு, பீடி சுற்றி சேர்த்த பி.எப். பணம், மகள் கல்யாணத்துக்காக கட்டி எடுத்த சீட்டு பணம். நெல்லை மாவட்டத்தில் உழைக்கும் மக்களின் சேமிப்பு என்பது பெரும்பாலும் இதுதான். இந்த பணத்தை குறி வைத்து செல்போனுக்குள்ளேயே வலை வீசப்படுகிறது.

வாட்ஸ்-அப், டெலிகிராம், யூடியூப் என்று எதை திறந்தாலும் "இந்த ஷேரை வாங்கி போடுங்க, ஒரே மாசத்துல டபுள்" என்று ஆசை காட்டுகிறார்கள். முதலில் இலவசமாக 'டிப்ஸ்' வரும். அது பலிக்கும். மறுநாளும் பலிக்கும். "ஏ, அவன் சொன்னது அப்படியே நடந்துட்டுல்லா" என்று டீக்கடையில் பேச்சு கிளம்பும். அடுத்தது பணம் கட்ட வேண்டியதுதான் பாக்கி.

சொன்னது பலித்தால் நம்பலாம்தானே என்று கேட்கலாம். நம்பக்கூடாது. காரணம் ஒரு எளிய கணக்கு.

1,600 பேர் கணக்கு

மோசடி ஆசாமி ஒருவரிடம் 1,600 பேரின் செல்போன் நம்பர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு நாளை ஏறும் என்று 800 பேருக்கும், இறங்கும் என்று மீதி 800 பேருக்கும் மெசேஜ் அனுப்புகிறார். எது நடந்தாலும் 800 பேருக்கு அவர் சொன்னது சரி.

தப்பாக போன 800 பேரை விட்டு விடுவார். மிச்சம் உள்ளவர்களை மறுநாள் 400, 400 ஆக பிரிப்பார். அடுத்து 200, பிறகு 100. 5-வது நாள் முடிவில் 50 பேர் மிஞ்சுவார்கள். இந்த 50 பேருக்கும் தொடர்ந்து 5 தடவை சொன்னது பலித்திருக்கும். அவர்கள் கண்ணுக்கு அவர் பெரிய ஜோசியர். ஆளுக்கு ரூ.10 ஆயிரம் கட்டணம் கேட்டால் ரூ.5 லட்சம் கைக்கு வந்துவிடும். இதில் பங்கு சந்தை பற்றிய அறிவு துளி கூட தேவையில்லை.

லாபம் வந்ததாக காட்டும் 'ஸ்கிரீன் ஷாட்'டும் இதே கதைதான். லாபம் வந்த நாளை மட்டும் காட்டினால் போதும், நஷ்டம் வந்த நாள் யாருக்கும் தெரியாது.

தமிழகத்தில் நடந்தது

பிரபலமாக இருப்பதாலேயே ஒருவர் அனுமதி பெற்ற ஆலோசகர் என்று நினைத்துவிடக்கூடாது. பங்கு சந்தை விளக்கங்களால் யூடியூபில் தமிழர்களிடம் பிரபலமானவர் பி.ஆர்.சுந்தர். செபியிடம் பதிவு செய்யாமல் கட்டணம் வாங்கி முதலீட்டு ஆலோசனை வழங்கியதாக அவர் மீது புகார் எழுந்தது. 2023 மே மாதம் அவர் தரப்பு செபியுடன் சமரசம் செய்துகொண்டது. குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ரூ.6 கோடிக்கு மேல் திருப்பி செலுத்தவும், 1 ஆண்டு பங்கு வர்த்தகத்தில் இருந்து விலகி இருக்கவும் சம்மதித்தனர்.

இன்னொரு வகையும் உண்டு. 'சாதனா பிராட்காஸ்ட்' என்ற வடநாட்டு டி.வி. நிறுவனத்தின் பங்கை வாங்க சொல்லி 2022-ல் யூடியூபில் பொய்யான தகவலுடன் வீடியோக்கள் வெளியாகின. வீடியோவை நம்பி ஏராளமான சிறு முதலீட்டாளர்கள் வாங்கினார்கள். விலை ஏறியதும் உள்ளே இருந்தவர்கள் விற்று லாபத்தோடு வெளியேறினார்கள் என்று செபி கண்டறிந்தது. 2023 மார்ச் மாதம் சம்பந்தப்பட்டவர்களுக்கு தடை விதித்தது.

10-ல் 9 பேருக்கு நஷ்டம்

'ஆப்சன்' வியாபாரத்தில் தினமும் ஆயிரக்கணக்கில் சம்பாதிக்கலாம் என்று கூறுபவர்களும் உண்டு. ஆனால் பியூச்சர், ஆப்சன் வியாபாரத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2021-22 முதல் 2023-24 வரையிலான 3 ஆண்டுகளில் நஷ்டம் அடைந்ததாக செபி ஆய்வு கூறுகிறது. சராசரி நஷ்டம் ஆளுக்கு சுமார் ரூ.2 லட்சம். 2024-25-லும் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம்தான்.

'வில்லங்கம்' பார்ப்பது எப்படி?

அம்பையிலோ சேரன்மகாதேவியிலோ ஒரு வயல் வாங்கினால் வில்லங்கம் பார்க்காமல் யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. ஆலோசனை சொல்பவருக்கும் அதேபோல் பார்க்க வேண்டும்.

* முதலீட்டு ஆலோசகர் என்றால் 'ஐ.என்.ஏ.' என்றும், பங்கு ஆய்வாளர் என்றால் 'ஐ.என்.எச்.' என்றும் தொடங்கும் செபி பதிவு எண் இருக்க வேண்டும். எண்ணை கேளுங்கள்.

* எண் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. அடுத்தவர் எண்ணை திருடி போடுபவர்களும் இருக்கிறார்கள். செபி இணையதளத்தில் அந்த எண்ணுக்கு உரிய பெயர், முகவரி, இ-மெயில் ஆகியவற்றை ஒப்பிட்டு பாருங்கள்.

* தனிநபர் வங்கி கணக்குக்கு பணம் அனுப்பாதீர்கள். பதிவு பெற்றவர்களின் யு.பி.ஐ. முகவரியில் 'வேலிட்' என்ற சொல் இருக்கும். 2025 அக்டோபரில் இந்த முறை அமலுக்கு வந்தது. 'செபி செக்' வசதியில் அந்த முகவரி உண்மையானதா என்று சரிபார்க்கலாம்.

* 'உறுதியான லாபம்' என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்படி வாக்குறுதி கொடுக்க பதிவு பெற்ற ஆலோசகருக்கே அனுமதி கிடையாது.

* லிங்க் அனுப்பி புது 'ஆப்' ஏற்ற சொன்னால் உஷார். போலி ஆப்பில் லாபம் எண்ணாக மட்டும் தெரியும். முதலில் சிறிய தொகையை எடுக்க விடுவார்கள். பெரிய தொகையை எடுக்க போனால் "வரி கட்டுங்க" என்று மேலும் பணம் கேட்பார்கள்.

பதிவு எண் இருந்தாலும் லாபம் நிச்சயம் என்று அர்த்தம் இல்லை. தப்பு நடந்தால் யாரை கேட்பது என்பது தெரியும், அவ்வளவுதான். நகையை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ பங்கு சந்தையில் போடவே கூடாது.

ஏமாந்தால்...

வெட்கப்பட்டு வீட்டில் மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்த அளவுக்கு பணம் கைமாறுவதற்குள் வங்கி கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். ஆலோசகர் பற்றிய சந்தேகங்களுக்கு 1800 22 7575 என்ற செபியின் இலவச எண்ணில் கேட்கலாம்.

பணம் போன பிறகு போன் செய்வதை விட, போடும் முன்பு ஒரு போன் செய்வது நல்லது.