கூறியது கூறலும் ஆய்வுரை நடையும்

நூலுக்கு ஆகாத குற்றங்களைப் பத்தாகத் தொகுத்தனர் நம் இலக்கண ஆசிரியர். அவற்றுள் ‘கூறியது கூறல்’ என்பது தொல்காப்பிய மரபியலில் முதற்கண் நிற்கின்றது. நன்னூற் பாயிரத்தில் மூன்றாவதாக நிற்கின்றது. இலக்கணம் பயின்ற மாணவர் யாவரும் இப்பெயரை அறிவர். தேர்வில் வினவினால் பத்தினையும் முறை பிறழாது ஒப்புவிப்பர். ஆயினும் அவர்களே ஆய்வேடு எழுதப் புகுங்கால், ஒரு பக்கத்திற்குள் ஒரு சொல்லைப் பன்முறை எழுதி, எழுதியதை உணராமலே மேற்செல்கின்றனர். அவர்களைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. நம் எழுத்திலும் இக்குறை உண்டு. பெரும்பாலும் அச்சேறிய பின்னரே அது நம் கண்ணிற் படுகின்றது. ஆகவே, மீண்டு வரும் சொல்லைக் கண்டுகொள்வது எங்ஙனம், கண்டபின் அதனைக் களைவதா காப்பதா எனத் துணிவது எங்ஙனம் என்னும் இரு வினாக்களுக்கு இங்கு விடை காண முயல்வோம்.

மரபு கடிந்ததும் கொண்டதும்

சொல் மீண்டு வருதல் யாண்டும் குற்றம் என நம் முன்னோர் கருதினாரல்லர். ஒரு சொல் அடுக்கி வருதலை இசைநிறை, அசைநிலை, பொருளொடு புணர்தல் என மூவகையாகப் பகுத்து உடன்படுகின்றது தொல்காப்பியம். உடன்பட்ட அளவில் நில்லாது, எல்லையும் வகுக்கின்றது. இசைநிறைக்கு வரும் அடுக்கு நான்கனைக் கடவாது. விரைவு பற்றி வரும் அடுக்கு மூன்றனைக் கடவாது. தண்டியலங்காரமோ, முன்வந்த சொல்லேனும் பொருளேனும் இரண்டுமேனும் பின்னரும் வருதலைப் ‘பின்வருநிலை’ என ஓர் அணியாகவே கொண்டது.

திருக்குறளின் 350ஆம் குறளை நோக்குக. ஏழு சீர்களுள் ஆறு சீர்களில் ‘பற்று’ என்பது வருகின்றது. ஆயினும் அதனை மிகை என்பார் எவருமிலர். அஃது ஓரிடத்து வினையாகவும் ஓரிடத்துப் பெயராகவும், ஓரிடத்துக் கொள்ளத்தக்க பற்றாகவும் ஓரிடத்து விடத்தக்க பற்றாகவும் நிற்றலின், ஒவ்வொரு வருகையும் ஒரு பணியைச் செய்கின்றது. உரையாசிரியர்களும் இவ்வளவுகோலையே கொண்டனர். முன்னொரு நூற்பாவில் அடங்கிய பொருள் பின்னும் கூறப்படுமிடத்து, அவ்வாறு கூறியதன் பயன் யாது என வினவி, ஒரு தனிப்பயனைக் காட்டிய பின்னரே அமைதி கண்டனர். இதனால் பெறப்படுவது ஒன்று: பயனுடன் வருஞ்சொல் எத்துணை முறை வரினும் குற்றமன்று, பயனின்றி வருஞ்சொல் இருமுறை வரினும் குற்றமே.

கண்டறிதலின் அருமை

தம் எழுத்தில் மீண்டு வருஞ்சொல்லைத் தாமே காணுதல் அரிது. எழுதுவோன் தன் ஏட்டைப் படிக்குங்கால் சொல்லைப் பார்ப்பதில்லை. தான் கருதிய பொருளையே பார்க்கின்றான். தமிழில் இவ்வருமை இன்னும் மிகுதி. வேற்றுமையும் புணர்ச்சியும் சொல்லின் உருவத்தை மாற்றிவிடுகின்றன. மேலே காட்டிய குறளைப் போன்றே, 411ஆம் குறளில் ‘செல்வம்’ என்னும் சொல் ஐந்து முறை வருகின்றது. ஆனால் உருபும் சுட்டும் புணர்ச்சியும் சேர்தலின், சந்தி பிரியாத பதிப்பில் அவ்வைந்தனுள் எவ்விரண்டும் எழுத்தளவில் ஒத்திரா. செவி ஐந்து என உணர்வதனைக் கண் ஒன்றாக எண்ணிவிடும்.

கணிப்பொறியில் எழுதுவோர் தேடற்கருவியை நம்புவர். அதன் உதவி பெரிதே; ஆயினும் அஃது எழுத்தை ஒப்பிடுமே யன்றிச் சொல்லை அறியாது. ‘மரம்’ எனத் தேடின் ‘மரத்தை’ அகப்படாது. ‘நூல்’ எனப் புள்ளியுடன் தேடின் ‘நூலின்’ அகப்படாது. ‘கல்’ எனத் தேடின் ‘கற்கள்’ அகப்படாது. ஆதலின் சொல்லின் திரிபுகளைத் தனித்தனியே தேடுதல் வேண்டும்.

இதனினும் நன்று, தம் எழுத்துக்குத் தாமே ஒரு சிறு சொல்லடைவு இயற்றிப் பார்த்தல். சங்க நூல்களுக்குச் சொல்லடைவு காணும் பணியை நம் துறையினர் நன்கறிவர். வ. அய். சுப்பிரமணியம் தொகுத்த புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் வெளிவந்தது. புலவர் பாடலுக்குச் செய்யும் இப்பணியைத் தம் ஆய்வேட்டின் ஒரு பக்கத்திற்குச் செய்வார் அரியர். எழுதி முடித்த பகுதியைச் சின்னாள் ஒதுக்கிவைத்துப் பின்னர் ஒரு பக்கத்தை எடுத்து, அதிலுள்ள பெயர்களையும் வினைப்பகுதிகளையும் அகரவரிசையில் எழுதி எண்ணுக. மூன்று முறைக்கு மேல் வருவனவற்றைக் கோடிடுக. பின்னர் அப்பக்கத்தை வாய்விட்டுப் படிக்க. கண் தப்பவிட்டதனைச் செவி பிடித்துக் கொடுக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

நாமே அமைத்த ஒரு பகுதியை இங்குக் காட்டுவோம். “இந்த ஆய்வில் பாலைத்திணைப் பாடல்கள் ஆய்வு செய்யப்படுகின்றன. இந்த ஆய்வின் மூலம் பாலைத்திணைப் பாடல்களில் பிரிவு பற்றிய செய்திகள் ஆய்வு செய்யப்பட்டு, அவற்றின் மூலம் பிரிவின் வகைகள் பற்றிய செய்திகள் ஆய்வு செய்யப்படுகின்றன.” இதன்கண் 24 சொற்கள் உள்ளன. அவற்றுள் ‘ஆய்வு’ ஐந்து முறை வந்துள்ளது.

ஐந்தனுள் மூன்றை நீக்கி, அவ்விடங்களில் ‘ஆராய்ச்சி’, ‘நோக்கு’, ‘திறனாய்வு’ எனப் பெய்தல் எளிது. அது திருத்தமன்று, புண்ணை மூடுதலே. இச்சொல் ஏன் மீண்டு வந்தது என வினவுதல் வேண்டும். முதற்கண் ‘ஆய்வு செய்தல்’ என்றது பாடல்களைப் பொருளாக எடுத்துக்கொள்ளுதலை. அடுத்து வந்தது செய்திகளைத் தொகுத்தலை. இறுதியில் வந்தது வகைப்படுத்தலை. மூன்று வேறு செயல்களை ஒரு சொல் போர்த்துக் கிடக்கின்றது. போர்வையை நீக்கினால் தொடர் இவ்வாறு அமையும்: “பாலைத்திணைப் பாடல்கள் கூறும் பிரிவுச் செய்திகளை இவ்வியல் தொகுத்து, அவற்றால் பிரிவின் வகைகளை வரையறுக்கின்றது.” 24 சொற்கள் 11 ஆயின. அதனினும் சிறப்பு, ஆய்வாளன் செய்யப்போவது யாது என்பது இப்போதுதான் வெளிப்பட்டது. வரையறுப்பதாகக் கூறிவிட்டமையின், அவன் வரையறுத்தே ஆகவேண்டும். முன்னைய தொடரில் அக்கடப்பாடு இல்லை. சொல் மீண்டு வருமிடம் பலவேளை எண்ணம் முற்றுப்பெறாத இடமாகும் என்பதற்கு இது சான்று.

களையும் வழிகள்

தமிழ்த் தொடரமைப்பே இதற்கு வழிகள் பலவற்றை நல்கியுள்ளது. வினைமுற்று தன் ஈற்றால் திணை, பால், எண், இடம் உணர்த்துதலின், எழுவாயைத் தொடர்தோறும் எழுத வேண்டுவதில்லை. அடுத்தடுத்த இரு முற்றுத் தொடர்களை வினையெச்சத்தாலோ பெயரெச்சத்தாலோ ஒன்றாக்கினால், பொதுவான பெயர் ஒருமுறை வந்து அமையும். ‘ஆய்வு செய்தல்’, ‘விளக்கம் அளித்தல்’, ‘ஒப்பீடு செய்தல்’ என்பன ‘ஆய்தல்’, ‘விளக்கல்’, ‘ஒப்பிடல்’ என ஒரு சொல்லாகும். ‘செய்’ என்னும் வினை பக்கந்தோறும் நிரம்புதல் அதனால் ஒழியும். ‘கபிலர் மற்றும் பரணர்’ என்பதினும் ‘கபிலரும் பரணரும்’ என்பதே தமிழ். எண்ணும்மை இருக்க, ‘மற்றும்’ என்பதை வரிதோறும் அழைப்பது ஏன்? ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்னும் முடிபோ, குறிப்பிட்ட பின்னர் எழுதப்படுதலின், எவ்விடத்தும் நீக்கத்தக்கது.

களையலாகாதன

இனி, களைதலில் மிகுந்த கருத்து உடையார் எய்தும் தீங்கு ஒன்றுண்டு. திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகள் ஒரு பொருள் குறித்த பல சொற்களைத் தொகுத்துத் தருவன. செய்யுள் யாப்போர்க்கு அவை செல்வம். ஆய்வுரை எழுதுவோன் அவற்றைக் கொண்டு கலைச்சொல்லை மாற்றி மாற்றி எழுதுவானாயின், படிப்போன் மயங்குவான். ஓரிடத்து ‘வேற்றுமை உருபு’ என்றவன், அதனையே அடுத்து ‘இடைச்சொல்’ என்றும் பின்னர் ‘விகுதி’ என்றும் எழுதினால், அவன் கூறுவது ஒன்றா மூன்றா? இடைச்சொல் உருபினும் விரிந்தது. விகுதியோ பகுபத உறுப்பு. நடையழகு நாடிய ஆசிரியன், தான் கூறாத ஒரு கொள்கையைத் தன் பெயரில் விட்டுச்செல்கின்றான். பின்வருவோர் அதனை எடுத்துக்காட்டி மறுக்கவும் கூடும். கலைச்சொல் நூறு முறை வரினும் வருக.

சுட்டுப்பெயரும் அவ்வாறே. சேனாவரையர் இளம்பூரணரை மறுக்கும் இடத்தை விளக்குவோன், இருவரையும் ‘அவர்’ என்றே சுட்டினால், மறுத்தவர் யார், மறுக்கப்பட்டவர் யார் என்பது விளங்காது. அவ்விடத்துப் பெயரை மீண்டும் எழுதுதலே கடன். இவ்வாறு பெய்த சொல்லைக் கூறியது கூறல் எனக் கடிவாரிலர். அது மயங்க வைத்தல் என்னும் மற்றொரு குற்றத்தினின்று உரையைக் காக்கின்றது.

முடிபு

மீண்டு வருஞ்சொல் ஒவ்வொன்றையும் மூன்று வினாக்களால் அளந்து காண்க. இது கலைச்சொல்லா? ஆமெனின் நிற்க. இதனை நீக்கின் பொருள் கெடுமா? கெடாதெனின் நீக்குக. இது வேறு வேறு கருத்துகளை ஒன்றென மறைக்கின்றதா? ஆமெனின், சொல்லை அன்று, கருத்தையே மீண்டும் எண்ணுக. இம்மூன்றாம் வினாவே அரியது. பயன் மிக்கதும் அதுவே. நம் முன்னோர் கூறியது கூறலை நூற்குற்றமாக வைத்தது ஓலையைச் சுருக்கும் பொருட்டு மட்டுமன்று. கற்போன் காலத்தையும் நம்பிக்கையையும் காக்கும் பொருட்டும் ஆகும். அக்காவலை ஏற்பார், தம் ஏட்டின் ஒரு பக்கத்தை இன்றே எடுத்து எண்ணத் தொடங்குவாராக.