கதையின் தொடர்ச்சி

கதை கேட்கும் குழந்தை, அது முடிந்தவுடன், "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று வினவும். அவ்வினாவே தொடர்ச்சிக் கதைகளின் தாய் எனலாம். புகழ்பெற்ற திரைப்படத்திற்கு இரண்டாம் பாகம் எடுப்பது இக்காலத்தில் பெருகியுள்ளது. 'கல்யாணராமன்' 1979-ஆம் ஆண்டிலும், அதன் தொடர்ச்சியாகிய 'ஜப்பானில் கல்யாணராமன்' 1985-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. 1996-ஆம் ஆண்டில் வந்த 'இந்தியன்' படத்தின் இரண்டாம் பாகமோ 28 ஆண்டுகள் கழிந்து, 2024-இல் வந்தது.

இத்தகைய படங்களைப் பற்றி இருவகைக் கருத்துகள் உள. பழகிய மாந்தரை மீண்டும் காண்பது இன்பம் என்பர் ஒரு சாரார். பெற்ற புகழை மறுபடியும் விலை கூறும் வாணிகமே அது என்பர் மற்றொரு சாரார். இவற்றுள் எது பொருந்தும்? இதற்கு விடை காண நம் பழைய இலக்கியம் துணைசெய்யும்.

இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரம் கண்ணகியின் வரலாற்றை உரைப்பது. கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மணிமேகலை அதில் சிறிதளவே இடம்பெறுகிறாள். அவள் துறவு பூண்ட செய்தி இறுதியில் சுருக்கமாகக் கூறப்படுகிறது. துறந்தபின் அவள் யாது செய்தாள்? அவ்வினாவிற்கு விடையாக அமைந்தது சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை. சாத்தனார் கண்ணகியின் கதையையே திரும்பச் சொன்னாரல்லர். முன்னது, மன்னன் ஆராயாது விதித்த தண்டனையால் விளைந்த கேட்டைக் காட்டுகிறது. பின்னது, அமுதசுரபி ஏந்திய இளம்பெண் ஒருத்தி ஏழைகளின் பசியைப் போக்கிச் சிறைச்சாலையையும் அறச்சாலையாக மாற்றுவித்ததைக் காட்டுகிறது. கதை தொடர்கிறது, கருத்தோ புதியது. ஆதலின் இரண்டும் இரட்டைக் காப்பியங்கள் என ஒருங்கே போற்றப்படுகின்றன.

உடுமலைப்பேட்டைக்கு அருகேயுள்ள திருமூர்த்தி அணைக்குக் காண்டூர் கால்வாய் வழியே நீர் வருகிறது. மலையில் மழை பொய்த்தால் அக்கால்வாய் எவ்வளவு நீண்டிருந்தும் உழவர்க்குப் பயன் யாது? அதுபோலவே, சொல்லவேண்டிய பொருள் எஞ்சியிராத கதையை நீட்டுவதாலும் பயனில்லை.

மாணவர்களே! இரண்டாம் பாகம் ஒன்றைக் காணும்போது இரண்டு வினாக்களை எழுப்புங்கள். முதற்கதை விடை கூறாது விட்டது எது? இக்கதை புதிதாக உணர்த்துவது எது? இவ்விரண்டிற்கும் விடை கிடைப்பின் அது நற்படைப்பு. கிடையாதாயின் பழைய புகழின் நிழலே. காண்போர் இவ்வாறு ஆராயத் தலைப்பட்டால், படைப்போரும் தம் பொறுப்பை உணர்வர். ஏற்ற இடத்தில் கதையை முடித்தலும் ஒரு கலையே அன்றோ?