காட்டில் பயிலும் தாவரக் கல்வி

செடிகளை நூலில் கற்பது ஒன்று. அவற்றோடு வாழும் மக்களிடம் கேட்டு அறிவது வேறொன்று. இரண்டாவது அறிவை முறையாகத் திரட்டும் துறையே இனத் தாவரவியல். நம் நாட்டில் அதற்கு வழிகோலியவர்கள் இ. கே. ஜானகி அம்மாளும் எஸ். கே. ஜெயினும் ஆவர்.

இக்கல்வி வகுப்பறையில் முற்றுப்பெறுவதன்று. மாணாக்கர், வழிகாட்டும் மலைவாழ் மக்களோடு நடந்து, அவர்கள் சுட்டும் செடியில் பூவோ காயோ உள்ள கிளையைக் கொய்து, செய்தித்தாள்களின் இடையே வைத்து அழுத்தி உலர்த்துவர். தாள்களை அடிக்கடி மாற்றாவிடில் பூஞ்சணம் பிடித்துவிடும். உலர்ந்த கிளை, ஏறத்தாழ 42 செ.மீ. நீளமும் 28 செ.மீ. அகலமும் உள்ள தடித்த தாளில் ஒட்டப்படும். உலர்ந்தால் பூவின் நிறம் மாறும் ஆதலால் அதை அவ்விடத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இடம், நாள், வட்டாரப் பெயர், பயன்படும் உறுப்பு, பக்குவம் செய்யும் முறை ஆகியவற்றோடு, கூறியவர் யார் என்பதும் குறிப்பேட்டில் ஏறும். அவர் இசைவு பெற்றே எழுத வேண்டும். ஒரே வினாவைப் பலரிடம் தனித்தனியே கேட்டு ஒப்பிட வேண்டும். அரிய செடியாயின் வேரோடு பிடுங்கலாகாது. எத்தனை உள என்று எண்ணிக் குறிப்பதே முறை.

கூறியவர் யார் என்னும் குறிப்பின் மதிப்பை ஒரு நிகழ்ச்சி விளக்கும். 1987-இல் அகத்தியர் மலையின் கேரளப் பகுதிக்கு ஓர் ஆய்வுக்குழு சென்றது. விஞ்ஞானிகள் களைத்துப்போயினர், உடன் வந்த காணிப் பழங்குடியினரோ சிறு பழங்களை மென்றவாறு சோர்வின்றி நடந்தனர். முதலில் தயங்கிய அவர்கள், பின்னர் ஆரோக்கியப்பச்சை என்னும் செடியைக் காட்டினர். பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கிற்று. உரிமத்தால் வரும் தொகையில் பாதி காணியர்க்கு என முடிவாயிற்று. 1997-இல் அவர்கட்கென ஓர் அறக்கட்டளையும் அமைந்தது.

ஆயினும் சிக்கல் தீர்ந்தபாடில்லை. மருந்துக்கு இலை வேண்டியபோது, காட்டுச் செடி அழிந்துவிடுமோ என வனத்துறை அஞ்சித் தடுத்தது. காணியரின் வருவாய் தடைப்பட்டது. அறிவுக்குரிய பங்கு, செடிக்குரிய காவல் என்னும் இரண்டையும் ஒருங்கே எண்ண வேண்டும் என்பதே இதனால் விளங்கும் பாடம். 2002-இல் இயற்றப்பெற்ற உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் இவ்விரண்டையும் தன் நோக்கங்களாகக் கொண்டது.

வேற்று மாநிலங்களில் வாழும் நேயர்களும் ஆங்காங்கே புதிய மூலிகைகளைக் காண்பீர்கள். அவற்றின் பெயரையும் பயனையும் குறித்து வைக்கும்போது, சொல்லித் தந்தவர் பெயரையும் அவர் இசைவோடு சேர்த்தெழுதுங்கள். அறிவு அவருடையது என்பதற்கு அதுவே முதற்சான்று.