டோஜோ கட்டினால் சாமுராய் வருவாரா?

'ஷோகன் 2: டோட்டல் வார்' ஆடியவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடமாக இருக்கும். கையில் காசு வேணும், கோட்டையில் ஒரு காலி இடம் வேணும். வாள் பள்ளி கட்டினால் கட்டானா சாமுராய்கள் கிடைப்பார்கள். வில்லுக்கு ஒரு கட்டடம், ஈட்டிக்கு ஒன்று, குதிரைப் படைக்கு லாயம். 2000-ல் வந்த முதல் ஷோகனிலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான்.

இது விளையாட்டாக ஏன் வேலை செய்கிறது? கோட்டையில் இடம் குறைவு. வாள் பள்ளி கட்டினால் சந்தை கட்ட முடியாமல் போகலாம். கோட்டையைப் பெரிதாக்கினால் இடம் கூடும், ஆனால் அது அரிசியைத் தின்னும். எதை விட்டு எதைக் கட்டுவது என்பதில்தான் ஆட்டமே இருக்கு. பக்கத்து மாகாணத்தைப் பிடித்தால் அங்கிருக்கும் பள்ளியும் உங்களுடையது.

நானும் ரொம்ப நாள் சரித்திரமும் இப்படித்தான் நடந்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன். படித்துப் பார்த்தால் கதை வேறு.

கேம் நடக்கும் 16-ஆம் நூற்றாண்டில் வித்தை கட்டடத்தில் இல்லை, ஆளிடம் இருந்தது. 'ரியூ' என்று சொல்லப்படும் குரு பரம்பரைகள்தான் அதைச் சுமந்தன. பழக்கம் பெரும்பாலும் திறந்த வெளியில், சில இடங்களில் கோயில் வளாகத்தில். கட்டோரி ஷின்டோ ரியூ வாள் மரபு கட்டோரி ஷின்டோ கோயிலோடு ஒட்டி வளர்ந்தது. நாராவில் ஹோசோயின் மடத்துத் துறவி இன்எய் தொடங்கியது ஒரு ஈட்டி மரபு. 'டோஜோ' என்ற சொல்லே பௌத்தத்தின் போதிமண்டத்தில், அதாவது புத்தர் ஞானம் பெற்ற இடத்தைக் குறிக்கும் சொல்லில், தொடங்கி சீனம் வழியாக ஜப்பானுக்குப் போனது.

பலகைத் தரை போட்ட தனிக் கூடம் பரவலானது சண்டை ஓய்ந்த பிறகு, எடோ காலத்தில். 1615-ல் ஒசாகா கோட்டை விழுந்ததோடு பெரிய போர்கள் முடிந்தன. 18-ஆம் நூற்றாண்டில் மூங்கில் வாளும் காப்பு உடையும் புழக்கத்துக்கு வந்ததால், அடிபடாமல் முழு வேகத்தில் மோதிப் பழக முடிந்தது. சிபா ஷூசாகுவின் கென்புகான் மாதிரி புகழ்பெற்ற எடோ டோஜோக்கள் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதாவது கேமில் போருக்கு முன்னால் கட்டுகிற கூடம், நிஜத்தில் போரெல்லாம் முடிந்த பின் செழித்தது.

ஒரு விஷயத்தில் கேம் சரி. ஈட்டி பிடித்த அஷிகரு காலாட்படைக்கு எந்தப் பள்ளியும் தேவையில்லை. நிஜத்திலும் அன்றைய படைகளில் பெரும்பகுதி அவர்கள்தான்.

கேமைக் குறை சொல்லவில்லை. ஆளின் தலைக்குள் இருக்கும் வித்தையைத் திரையில் காட்டவும் முடியாது, எதிரியால் கொளுத்தவும் முடியாது. கட்டடம் என்றால் விலை உண்டு, கட்டும் காலம் உண்டு. ஆனால் இந்தச் சுருக்கத்தில் தொலைவது முக்கியமான ஒன்று: ஆள் கிளம்பினால் வித்தையும் கிளம்பிவிடும். மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது புரியும். சீனியர் போன பிறகு கோட் இருக்கும்; ஏன் அப்படி எழுதினார் என்பது இருக்காது.

டொகுகாவா இயேயாசுவுக்கும் இது தெரிந்திருந்தது. 1594-ல் யாக்யூ முனேயோஷியின் வாள் வித்தையைப் பார்த்ததும் அவர் கேட்டது யாக்யூ ஊரையோ கூடத்தையோ அல்ல, அந்த ஆளையே. எனக்கு வயதாகிவிட்டது என்று முனேயோஷி தன் மகன் முனேநோரியைக் கொடுத்தார். அடுத்த இரண்டு ஷோகன்களுக்கு வாள் சொல்லிக் கொடுத்தவர் அந்த மகன்தான்.