32 லட்சம் டாலர் சம்பாதித்த சிறுமி!

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வயதில் ஒரு சிறுமி படக் கம்பெனியையே தூக்கி நிறுத்தினாள்.

அவள் பெயர் ஷெர்லி டெம்பிள்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம். அங்கே சாண்டா மோனிகா என்ற கடற்கரை ஊரில், 1928-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி ஷெர்லி பிறந்தாள். தகப்பனார் ஜார்ஜ், பாங்கியில் வேலை பார்த்தவர். தாயார் கெர்ட்ரூடுக்கு மகளை நட்சத்திரம் ஆக்கவேண்டும் என்று ஆசை. மூன்று வயதிலேயே நடனப் பள்ளியில் சேர்த்துவிட்டார்.

ஒரு நாள் அங்கே சினிமா டைரக்டர் ஒருவர் வந்தார். ஷெர்லி பியானோவுக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டாள். அவருக்குப் பிடித்ததோ, ஒளிந்துகொண்ட அந்தப் பிள்ளைதான்!

ஐஸ் கட்டி தண்டனை

1932-ல் குட்டிப் படங்களில் நடிக்கத் தொடங்கினாள். குழந்தைகளே பெரியவர்களைப் போல வேஷம் போடும் படங்கள் அவை. பார்ப்பவர்கள் சிரித்தார்கள். நடித்த குழந்தைகளுக்கு அது சிரிப்பாக இல்லை.

குறும்பு செய்த பிள்ளையை ஓர் இருட்டுப் பெட்டி அறையில் போட்டு அடைத்தார்கள். உள்ளே உட்கார ஒரே ஒரு ஐஸ் கட்டி! ஷெர்லியும் அதில் உட்கார்ந்தவள்தான். வீட்டுக்கு வந்து தாயாரிடம் சொன்னாள். குழந்தை கதை கட்டுகிறது என்று தாயார் நினைத்துவிட்டார்.

56 சுருள்

1934-ல் பாக்ஸ் கம்பெனி அவளை ஒப்பந்தம் செய்தது. வாரச் சம்பளம் 150 டாலர். அப்போது அமெரிக்காவில் பெரும் பஞ்ச காலம். 1933-ல் வேலைக்குப் போகக்கூடியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. கவலையை மறக்கக் கொட்டகைக்கு வந்தவர்களுக்கு, கன்னத்தில் குழி விழச் சிரிக்கும் இந்தக் குழந்தை பெரிய ஆறுதலாக இருந்தாள்.

கம்பெனி அவளுடைய வயதில் ஒன்றைக் குறைத்துச் சொன்னது. அவளுக்கே அது தெரியாது! பின்னால் ஒரு பிறந்தநாளில்தான் தாயார் உண்மையைச் சொன்னார்.

தாயாரின் உழைப்பும் கொஞ்சமல்ல. இரவில் கதை சொல்வதைப் போல மறுநாள் வசனத்தைப் படித்துக் காட்டுவார். மகளின் தலைமுடியைச் சுருட்டிவிடுவார். சரியாக 56 சுருள்!

1935 பிப்ரவரியில் ஷெர்லிக்குச் சிறப்பு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. அப்போது வயது 6. அதே ஆண்டு, கறுப்பின நடனக் கலைஞர் பில் ராபின்சனுடன் கைகோத்து மாடிப்படியில் ஆடினாள். நிறவெறி தலைவிரித்தாடிய தென்மாநிலங்களில் அந்தக் காட்சியை வெட்டிவிட்டுத்தான் படத்தை ஓட்டினார்கள். ஷெர்லிக்கு அவர் 'பில்லி மாமா'.

1935 முதல் 1938 வரை, நான்கு ஆண்டுகள் தொடர்ந்து, வசூலில் அவளே முதல் நட்சத்திரம். பெரிய பெரிய நடிகர்கள் எல்லாம் அவளுக்குப் பின்னால்தான்.

பணம் எங்கே?

குழந்தை வளர்ந்தாள். மவுசு குறைந்தது. 1940-ல் கம்பெனியை விட்டு விலகினாள். பிறகும் சில படங்கள். 1950-ல், 22 வயதில், சினிமாவுக்கே முழுக்குப் போட்டார்.

அவர் சம்பாதித்தது மொத்தம் சுமார் 32 லட்சம் டாலர். கணக்குப் பார்த்தபோது மிஞ்சியிருந்தது சுமார் 44 ஆயிரம் டாலர்தான்! மற்றதெல்லாம் குடும்பச் செலவிலும், தகப்பனாரின் கைக்குள்ளும் கரைந்துபோயிருந்தது.

இத்தனைக்கும், குழந்தை நடிகர்களின் பணத்தைக் காக்க 1939-லேயே கலிபோர்னியாவில் சட்டம் வந்துவிட்டது. சார்லி சாப்ளினுடன் நடித்த சிறுவன் ஜாக்கி கூகனின் பணத்தைப் பெற்ற தாயும் மாற்றாந்தகப்பனும் செலவழித்துவிட்டதால் பிறந்த சட்டம் அது. ஷெர்லியின் பணத்தை அதுவும் காப்பாற்றவில்லை.

பின்னாளில் ஷெர்லி அமெரிக்கத் தூதராகக் கானாவுக்கும், செக்கோஸ்லோவாகியாவுக்கும் போனார். 2014-ல், 85 வயதில் காலமானார்.

தகப்பனார்மேல் அவர் வழக்குப் போடவில்லை. 1988-ல் வெளிவந்த தன் வாழ்க்கை வரலாற்றில்தான் இந்தக் கணக்கை விவரமாக எழுதினார். அப்போது தாயாரும் இல்லை, தகப்பனாரும் இல்லை.