கிராம சபை (தமிழ்நாடு)

கிராம சபை என்பது ஓர் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றுள்ள அனைவரையும் உறுப்பினர்களாகக் கொண்ட மக்கள் மன்றமாகும். ஊராட்சி மன்றம் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் அவை. கிராம சபையோ தேர்ந்தெடுத்தவர்களின் அவை. சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் மக்கள் தம் பிரதிநிதிகள் வாயிலாகவே பேச இயலும். கிராம சபையில் ஒவ்வொரு வாக்காளரும் நேரில் பேசலாம், கணக்குக் கேட்கலாம், தீர்மானம் முன்மொழியலாம். இதனால் இது நேரடி மக்களாட்சியின் ஒரு வடிவமாகக் கருதப்படுகிறது. ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தாலும் கிராம சபை கலைவதில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிராம சபை உண்டு.

வரலாற்றுப் பின்னணி

தமிழகத்தின் பழைய ஊராட்சி முறைக்குச் சான்றாக உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குறிப்பிடப்படுகின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தைச் சேர்ந்த இவை (கி.பி. 919, 921) குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்த விதத்தைக் கூறுகின்றன. எனினும் அச்சபை பிராமணர் குடியிருப்பான பிரமதேயத்தின் சபையாகும். நிலம், வீடு, கல்வி ஆகிய தகுதிகள் உடைய ஆண்களே அதன் வாரியங்களில் இடம்பெற முடிந்தது. வயது வந்தோர் அனைவருக்கும் இடமளிக்கும் இன்றைய கிராம சபையை அதன் நேரடித் தொடர்ச்சியாகக் கொள்ள இயலாது.

விடுதலைக்குப் பின், பல்வந்த்ராய் மேத்தா குழு 1957 இல் மூன்றடுக்கு ஊராட்சி முறையைப் பரிந்துரைத்தது. சென்னை மாநிலம் 1958 இல் ஊராட்சிகள் சட்டத்தை இயற்றியது. ஆயினும் தேர்தல்கள் ஒழுங்காக நடைபெறாமையால் பல மாநிலங்களில் உள்ளாட்சி அமைப்புகள் நலிவுற்றன. இந்நிலையை மாற்றும் நோக்குடன் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவரப்பட்டு, 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது.

சட்ட அடிப்படை

அரசியலமைப்பின் 243அ பிரிவு கிராம சபையை ஏற்கிறது. அதன் அதிகாரங்களை வரையறுக்கும் பொறுப்பை மாநிலச் சட்டமன்றங்களிடம் விடுகிறது. இதனால் அதன் வலிமை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. தமிழ்நாட்டில் 1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 3ஆம் பிரிவு கிராம சபை பற்றிக் கூறுகிறது. இரு கூட்டங்களுக்கு இடையே ஆறு மாதங்களுக்கு மேல் இடைவெளி இருத்தல் கூடாது.

கூட்டங்கள்

நடைமுறையில் குடியரசு நாள் (ஜனவரி 26), தொழிலாளர் நாள் (மே 1), விடுதலை நாள் (ஆகஸ்ட் 15), காந்தி பிறந்த நாள் (அக்டோபர் 2) ஆகிய நான்கு நாட்களில் கூட்டங்கள் நடைபெற்று வந்தன. பின்னர் உலக நீர் நாளும் (மார்ச் 22) உள்ளாட்சிகள் நாளும் (நவம்பர் 1) சேர்க்கப்பட்டன.

ஊராட்சித் தலைவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார். தேவையான குறைந்த அளவு வருகை மக்கள்தொகைக்கு ஏற்ப வரையறுக்கப்பட்டுள்ளது:

- 500 பேர் வரை: 50 பேர்
- 501 முதல் 3,000 பேர் வரை: 100 பேர்
- 3,001 முதல் 10,000 பேர் வரை: 200 பேர்
- 10,000 பேருக்கு மேல்: 300 பேர்

தீர்மானங்கள் பதிவேட்டில் எழுதப்பட்டு, வந்தோரின் கையொப்பம் பெறப்படுகிறது. எழுதப்பட்ட தீர்மானம் உரக்க வாசிக்கப்பட்ட பின்னரே கையொப்பமிடுவது முறையாகும். தீர்மானத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் பெறலாம்.

பணிகள்

கிராம வளர்ச்சித் திட்டத்துக்கும் வரவுசெலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் அளித்தல், தணிக்கை அறிக்கையைப் பரிசீலித்தல், நலத்திட்டப் பயனாளிகளின் பட்டியலைச் சரிபார்த்தல், நடைபெறும் பணிகளைக் கண்காணித்தல் ஆகியன இதன் முதன்மைப் பணிகளாகும். தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் (2005) சமூகத் தணிக்கைப் பொறுப்பையும் கிராம சபைக்கு அளித்தது. வேலை செய்தவர், கூலி பெற்றவர், செலவு ஆகியவை ஊரார் முன் வாசிக்கப்படும்போது, வராத ஆளுக்கு எழுதப்பட்ட கூலியையும் வெட்டாத குளத்துக்குக் காட்டப்பட்ட செலவையும் அவ்வூராரே இனங்காண இயலும் என்பது இதன் அடிப்படையாகும்.

பங்கேற்பும் சமத்துவமும்

உள்ளாட்சிப் பதவிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படியும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் ஒதுக்கப்பட்டன. தமிழ்நாட்டில் பெண்களுக்கான ஒதுக்கீடு 2016 இல் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஆனால் சட்டம் அளித்த இடத்தை ஊர் எளிதில் அளித்துவிடவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் இருந்த சிலரும் 1997 ஜூன் 30 அன்று சாதி வெறியர்களால் படுகொலை செய்யப்பட்டனர்.

அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில், தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடைபெற இயலவில்லை. 2006 அக்டோபரில்தான் அங்குத் தேர்தல் நடைபெற்றுத் தலைவர்கள் பொறுப்பேற்றனர். 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டியில் நடைபெற்ற கிராம சபைக் கூட்டத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கலந்துகொண்டார். இதற்கு ஓராண்டு முன்னர், 2020 இல், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான பட்டியல் சாதிப் பெண் கூட்டத்தில் தரையில் அமர வைக்கப்பட்ட செய்தி வெளியாயிற்று. தலைவருக்கே நாற்காலி மறுக்கப்படும் ஊரில், சாதாரண உறுப்பினர் ஒருவர் எழுந்து கேள்வி கேட்பது எத்துணைக் கடினம் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

தீர்மானங்களின் வலிமை

கிராம சபைத் தீர்மானம் எல்லா அரசுத் திட்டங்களையும் தடுக்கவல்லது என்ற கருத்து பரவலாக உள்ளது. இது முழுவதும் சரியன்று. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் அமைப்பது பற்றிக் கிராம சபைகளே முடிவுசெய்ய வேண்டும் என 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேட்கப்பட்ட 12 கிராம சபைகளும் சுரங்கத்தை மறுத்தன, திட்டம் கைவிடப்பட்டது. அங்குக் கிராம சபைக்கு அவ்வலிமையைத் தந்தது 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமாகும். பிற இடங்களில் தீர்மானம் மக்களின் விருப்பத்தை முறைப்படி பதிவுசெய்யும் ஆவணமாக விளங்குகிறதேயன்றி, திட்டத்தைத் தானாகவே நிறுத்திவிடுவதில்லை.

தமிழ்நாட்டில் இருவேறு அனுபவங்கள் உள்ளன. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் அமைப்பதை எதிர்த்து 2024 நவம்பரில் கிராம சபைகள் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பரில் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. பெருந்திரளான மக்கள் போராட்டத்துக்குப் பின் 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு சுரங்க ஏலத்தை ரத்து செய்தது. மறுபுறம், பரந்தூர் வானூர்தி நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் கிராம சபை 2022 முதல் பலமுறை தீர்மானம் நிறைவேற்றியும் அரசு அத்திட்டத்துக்கான பணிகளைத் தொடர்ந்தது. கிராம சபையின் குரல் பொதுக்கருத்தாக வளரும்போதே அதற்கு அரசியல் வலிமை கிட்டுகிறது எனலாம்.

குறைபாடுகள்

- பல ஊர்களில் கூட்டம் சடங்காக நடத்தப்பட்டு, முன்னரே எழுதப்பட்ட தீர்மானங்களில் கையொப்பம் மட்டும் பெறப்படுகிறது.
- கூலி வேலைக்குச் செல்வோர், பெண்கள், ஒதுக்குப்புறக் குடியிருப்பினர் ஆகியோரின் பங்கேற்பு நாளையும் நேரத்தையும் இடத்தையும் பொறுத்துக் குறைகிறது.
- தீர்மானம் என்னவாயிற்று என்பதை அடுத்த கூட்டத்தில் தெரிவிக்கும் வழக்கம் எங்கும் வேரூன்றவில்லை.
- ஊராட்சித் தலைவரைப் பதவிநீக்கும் அதிகாரத்தைச் சட்டத்தின் 205ஆம் பிரிவு மாவட்ட ஆட்சியருக்கு அளிப்பது தன்னாட்சிக்கு முரணானது என விமர்சிக்கப்படுகிறது.

இவை தவிர, தேர்தல்கள் தள்ளிப்போவதும் ஒரு பெருங்குறையாகும். 2016 அக்டோபரில் நடைபெறவிருந்த உள்ளாட்சித் தேர்தலை, இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரிலும், எஞ்சிய 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரிலுமே தேர்தல் நடைபெற்றது. 2019 இல் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தபோது உரிய காலத்தில் தேர்தல் நடைபெறாததால் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். இக்காலங்களிலும் கிராம சபை உயிருடன் இருக்கிறது. ஆனால் அது கேள்வி கேட்க வேண்டிய இடத்தில், அது தேர்ந்தெடுக்காத அலுவலரே அமர்ந்திருக்கிறார்.